முன்பாரம், பின்பாரம், மொனார்க் கணவாய்

டென்வர்

புறப்பட்ட அன்று காலையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்ற கேரவனைச் சுற்றி வந்தபோது, என் கை தானாக அதன் மூக்கில் போய் நின்றது. மாட்டு வண்டியின் ஏர்க்கால் நீண்டு வந்து நுகத்தடியில் சேருவதுபோல, இரண்டு இரும்புச் சட்டங்கள் கூராக நீண்டு, காரின் பின்னால் இருந்த இரும்புக் குண்டின்மேல் உட்கார்ந்திருந்தன.

"முன்பாரம் எவ்வளவு வெச்சிருக்கீங்க மாப்ள?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை மகன், அமெரிக்கா போய் 14 வருடம் ஆகிறது. அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு கணம் நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. "480 பவுண்டுங்க மாமா. மொத்த எடை 4,300. எடைமேடையில ஏத்திப் பாத்துட்டேன்."

எங்கள் ஊரில் மூட்டை அடுக்கத் தெரியாதவனை வண்டியில் ஏற விடமாட்டார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். டென்வரிலும் அதே கணக்குதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால், வேகம் எடுக்கும்போது கேரவன் பாம்புபோல் வாலாட்டத் தொடங்கும். சாமான் அடுக்குவதில் அம்மிணி, அதாவது மாப்பிள்ளையின் மனைவி, கெட்டிக்காரி. அரிசியும் குக்கரும் அச்சுக்கு நேர்மேலே, துணிகள் பின்னால், தண்ணீர்த் தொட்டி பாதி.

ஆனால் மாட்டு வண்டியில் இல்லாத ஒன்றை மாப்பிள்ளை அன்று காட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி, பிரேக் கண்ட்ரோலர். கேரவனின் நாலு சக்கரத்துக்கும் எவ்வளவு பிரேக் என்று முடிவு செய்வது அதுதான். சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்விய காந்தத்தை டிரம் தன்னோடு இழுக்க, அந்த இழுப்பு ஒரு நெம்புகோல் வழியே பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிடி. கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதைப் பெட்டி தனக்குள்ளேயே உணர்ந்து, அந்த அளவுக்குக் கேரவனுக்கும் மின்சாரம் அனுப்பும். அதிகபட்சம் எவ்வளவு வோல்ட் போகலாம் என்பதைத் திருகி வைக்க ஒரு சக்கரம். ஆரம்பப் பிடி எவ்வளவு அழுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கு பி1, பி2, பி3 என மூன்று படி. இழுக்கும் வண்டியைவிடக் கேரவன் இலேசு என்றால் பி1, ஏறக்குறையச் சமம் என்றால் பி2, கேரவனே கனம் என்றால் பி3. மாப்பிள்ளையின் கார் 4,500 பவுண்டு, கேரவன் 4,300. ஆகவே பி2, சக்கரத்தில் 6.5.

"இத கொஞ்சம் அமுக்குங்க மாமா" என்று பெட்டியின் முன்னால் இருந்த நெம்பைக் காட்டினார். அமுக்கினேன். கார் பிரேக்கைத் தொடாமலே கேரவனுக்கு மட்டும் பிரேக். நின்றுகொண்டிருந்த வண்டியின் சக்கரங்களிலிருந்து வண்டு ரீங்கரிப்பதுபோல மெல்லிய ஓசை வந்தது. என் அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். ஏர் பிரேக்கின் பெருமூச்சைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ரீங்காரம் புதிது.

கொலராடோவில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட எந்த ட்ரெய்லருக்கும் அதற்கென்று பிரேக் இருந்தாக வேண்டும். கொக்கி அறுந்து கேரவன் தனியே ஓடினாலும், ஒரு மெல்லிய கம்பி ஆணியை உருவி, கேரவனின் சொந்த பேட்டரியால் பிரேக் பிடிக்க வைக்கும். மாப்பிள்ளை அந்த ஆணியை இழுத்துக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 1998இல் கரும்பு ஏற்றிய டிராக்டர், ஏரிக்கரை இறக்கத்தில் பின்னால் வந்த ட்ரெய்லர் தள்ளியதில் மடங்கிக் கவிழ்ந்தது. அதில்தான் என் சித்தப்பா மகன் போனான். அந்த ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லை. எங்கள் பக்கத்தில் கரும்பு ஏற்றும் ட்ரெய்லர்கள் பலவற்றுக்கு இன்றைக்கும் இல்லை. அவன் டிராக்டர் பிரேக்கை மிதித்தான். டிராக்டர் நிற்கப் பார்த்தது, பின்னால் இருந்த எட்டு டன் நிற்கவில்லை.

ஐசன்ஹோவர் சுரங்கம்

டென்வரை விட்டு மேற்கே போகும் ஐ-70 சாலை ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுரங்கத்தின் மேற்கு வாய் 11,158 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியைவிட 2,500 அடி அதிகம். 1973இல் ஒரு குழாயும், 1979இல் இன்னொன்றுமாகத் திறந்தார்கள். 1.7 மைல் நீளம். உள்ளே போகும்போது கிழக்கே ஓடும் தண்ணீரின் நாடு. வெளியே வரும்போது மேற்கே ஓடும் தண்ணீரின் நாடு.

வெளியே வந்த உடனே இறக்கம். சில்வர்தார்ன் ஊர்வரை ஏறக்குறைய 2,000 அடி ஒரே மூச்சில் இறங்குகிறது சாலை. பிரேக் போன லாரிகள் பாய்ந்து ஏறி நிற்பதற்காகச் சரளை கொட்டிய மேட்டுப் பாதைகள் ஓரத்தில் உண்டு. ஒரு பாதையில் ஆழமான புதிய தடம் பதிந்திருந்தது. யாரோ அந்த வாரம் அதில் ஏறிப் பிழைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை முதலிலேயே கியரைக் குறைத்துவிட்டார். அப்பா சொல்லுவார், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் அப்படித்தான் இறங்கினார். வேகம் கூடும்போது மாப்பிள்ளை சில நொடி அழுத்தமாக பிரேக் பிடித்து விட்டுவிடுவார். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியின் திரையில் 2.1, 2.8 என்று சிவப்பு எண்கள் ஏறி இறங்கின. முன்னால் போன வேறு வண்டியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. நம்முடையதில் இல்லை.

அந்த இறக்கத்தில் காரின் முதுகில் கேரவன் கை வைத்திருப்பதை உணர்ந்துகொண்டே வந்தேன். தள்ளவில்லை, ஆனால் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிறிய காருக்கு அது ஒரு நன்மை. பின்னால் எது சரியில்லை என்றாலும் உடனே முதுகில் தெரிந்துவிடும்.

அன்றிரவு டில்லன் ஏரிக்கரையில் அரிசிம்பருப்பு. 9,000 அடியில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அம்மிணி நாலு விசில் வைக்கும் இடத்தில் ஏழு விட்டாள். பருப்பு மசிந்தது, பூண்டு மணம் பைன் மரங்களுக்குள் போனது. பக்கத்துக் கேரவன்காரர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கிண்ணம் வாங்கிப் போனார்.

பேலிசேட்

கிளென்வுட் பள்ளத்தாக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கொலராடோ ஆறும் ரயில்பாதையும் நெடுஞ்சாலையும் ஒரே இடுக்கில் நெளிந்து போகின்றன. ஆற்றையும் பாறையையும் அதிகம் காயப்படுத்தாமல், பாலங்களின்மேல் தூக்கிக் கட்டி 1992இல் முடித்த சாலை. நான் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பேலிசேட் பீச் பழத்துக்குப் பேர்போன ஊர். ஒரு பக்கம் சாம்பல் நிறப் பொட்டல் குன்றுகள், இன்னொரு பக்கம் மேசை விரித்ததுபோல் தட்டையான கிராண்ட் மேசா மலை; நடுவில் ஆற்றுப் பாசனத்தில் தோட்டங்கள். ஆகஸ்டில் பழம் கையில் எடுத்தாலே சாறு முழங்கைக்கு ஓடும். அம்மிணி காயாக இருந்த சிலவற்றைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தந்தாள். மாங்காய் தோற்றது என்று சொல்ல மாட்டேன்.

இங்கேதான் வண்டி மாறியது. கேரவனை மாப்பிள்ளையும் அவருடைய குண்டூர் நண்பரும் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறப்பதால் அம்மிணி காரை எடுத்துக்கொண்டு டென்வர் திரும்ப, நானும் மாப்பிள்ளையும் நண்பரின் புதிய டீசல் பிக்கப்பில் தொடர்வதாக ஏற்பாடு. 7,500 பவுண்டு எடையுள்ள வண்டி. பிரேக் கண்ட்ரோலர் டேஷ்போர்டிலேயே கட்டப்பட்டு வந்திருந்தது. ஒன்று முதல் பத்து வரை, அரை அரையாக எண்.

"அதுல 6.5 தானே இருந்துச்சு?" என்று நண்பர் 6.5 வைத்தார். கேரவன் அதேதானே என்று எனக்கும் தோன்றியது.

முகாம் வாசலில் நிற்க மிதித்தார். கேரவனின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சரளையில் உழுதன. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. வண்டி முதுகில் அறைந்ததுபோல் குலுங்கியது. புழுதி அடங்கியபோது, பக்கத்து மனையிலிருந்து நரைத்த சடையோடு எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன எண்?" என்றார்.

நண்பர் சொன்னார்.

"எங்கிருந்து வந்தது அந்த எண்?"

அதையும் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் குதிரை ட்ரெய்லர் இழுத்தவராம். சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் குதிரை முழங்காலில் விழும். ஒருமுறை அப்படி விழுந்த குதிரையைத் தான் பார்த்த பிறகு, எந்த வண்டியில் மாட்டினாலும் சமதளத்தில் ஓட்டிப் பார்க்காமல் சாலைக்குப் போனதில்லை என்றார்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவர் எங்கள் பிக்கப்பின் பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சரளையில் எதையும் முடிவு செய்யக் கூடாது, அங்கே எந்த எண்ணும் பூட்டும் என்று சொல்லி, தோட்டங்களுக்கு நடுவே வண்டியே வராத நேரான தார்ச்சாலைக்கு அழைத்துப் போனார். முதலில் நாலைந்து முறை மெதுவாகப் பிடித்து டிரம்களைச் சூடேற்றச் சொன்னார். குளிர்ந்த பிரேக் ஒரு மாதிரி, சூடான பிரேக் வேறு மாதிரி. பிறகு 25 மைல் வேகம், அதாவது 40 கிலோமீட்டர். கால் பிரேக்கைத் தொடாமல், கை நெம்பை மட்டும் முழுக்க அமுக்கவேண்டும். கேரவன் தான் மட்டும் பிடித்து மொத்த வண்டியையும் நிறுத்தப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டக் கூடாது. பூட்டுவதற்கு ஒரு படி கீழேதான் நமக்கான எண்.

3.0 வைத்துத் தொடங்கினோம். கால் பிரேக்கிலும் நிறுத்திப் பார்த்தார் நண்பர். வண்டி அழகாக நின்றது. "இதுவே போதுமே" என்றார். எனக்கும் குறையே தெரியவில்லை.

அந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார். "உங்கள் வண்டி பெரியது. பின்னால் தள்ளுவது உங்களுக்குத் தெரியாது. இப்போது கேரவனின் வேலையையும் சேர்த்து உங்கள் வண்டியின் பிரேக்தான் செய்தது. சமதளத்தில் செய்துவிடும். மொனார்க்கில் பத்து மைல் இறங்கும்போது செய்யாது."

முந்தின நாள் காரில் வந்தபோது என் முதுகில் இருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. சிறிய வண்டி கத்திச் சொல்வதைப் பெரிய வண்டி வாய்க்குள் விழுங்கிக்கொள்கிறது. கண்ட்ரோலரும் வேறு வகை. மாப்பிள்ளையின் பெட்டி கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதைப் பார்த்து மின்சாரம் அனுப்பும். பிக்கப்போ, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பிரேக் ஆயிலின் அழுத்தத்திலிருந்தே தெரிந்துகொள்கிறது. அதில் 6.5 என்பது வோல்ட். இதில் 6.5 என்பது பத்துக்கு எத்தனை என்கிற கணக்கு. பக்காவையும் லிட்டரையும் ஒன்றென்று நினைத்து அளந்திருக்கிறோம்.

4.0 போதவில்லை. 4.5 பரவாயில்லை. 5.0 நன்றாக இழுத்துப் பிடித்தது. 5.5இல் வலது முன்சக்கரம் கீச்சென்று கத்தியது. ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் முதலில் சொன்னேன். 5.0 என்று நிலைநிறுத்தி, நீல டேப் ஒன்றைக் கிழித்துக் கேரவனின் மூக்குச் சட்டத்தில் ஒட்டி இரண்டு வரி எழுதினோம். கார்: 6.5, பி2. பிக்கப்: 5.0. தொட்டி நிறைந்தாலும் மழை பெய்தாலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு கூடை பீச் பழத்தையும் எங்களிடமே தந்துவிட்டுப் போனார் அந்த அம்மாள். நாங்கள்தான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பிளாக் கேன்யன்

டெல்டாவுக்கும் மான்ட்ரோஸுக்கும் இடையே ஓலேத் என்ற சிற்றூர். சாலையோரம் லாரி நிறையச் சோளக்கதிர் விற்கிறார்கள். சுட்டுத் தின்றால் வெல்லம். நாமக்கல்லில் மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம் என்றே நினைத்துப் பழகிய எனக்கு, நெய் தடவிய கதிரை வரிசையில் நின்று வாங்கியது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நாலு தின்றேன்.

பிளாக் கேன்யனில் கன்னிசன் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு வெகு ஆழத்தில் ஓடுகிறது. எதிர்ச்சுவர் ஒன்று மட்டும் 2,250 அடி. கறுப்புப் பாறையில் வெள்ளைக் கோடுகள், கோயில் சுவரில் பட்டை அடித்ததுபோல. ஆற்றங்கரைக்கு இறங்கும் பாதையில் 16 சதவீதச் சரிவு. 22 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை என்று பலகை சொல்கிறது. கேரவனை மேலே முகாமில் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பில் மட்டும் முதல் கியரில் இறங்கினோம். தண்ணீர் பச்சையாக, பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. மூன்று பேரும் பேசாமல் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாலையில் மேலே வந்து மறுபடி மாட்டியபோது, யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை ஆணியைச் சரிபார்த்தார், நண்பர் நெம்பை அமுக்கினார், நான் பின்னால் போய்க் காது கொடுத்தேன். ரீங்காரம் இருந்தது.

மொனார்க் கணவாய்

கன்னிசனைத் தாண்டினால் புல்வெளி, மாடுகள், வளைந்து வளைந்து ஒரு சின்ன ஓடை. அப்புறம் ஏற்றம். உச்சி 11,312 அடி. மறுபடியும் நீர் பிரியும் கோடு. பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் எங்களையும் நிறுத்திப் படம் எடுத்துத் தந்தது. காற்றில் ஆகஸ்டிலும் பல் கிட்டியது.

கீழே 6 சதவீதச் சரிவு. நண்பர் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, கியரைக் குறைத்து, 40 மைலில் இறக்கினார். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. இடையில் ஒரு முறை வளைவில் பலமான பக்கக் காற்று அடித்து கேரவன் இலேசாக ஆடியது. நண்பரின் கால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. "காலு வேண்டாங்க, கையி, கையி" என்று கத்திவிட்டேன். கை நெம்பை மெல்ல அமுக்கினார். கேரவன் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டது. கயிற்றைப் பின்னாலிருந்து ஒருவர் இழுத்தால் எப்படி நேராகுமோ, அப்படி நேரானது. அந்த இரண்டு நொடியில் ஏரிக்கரை இறக்கம் என் கண்ணுக்குள் முழுசாக வந்து போனது. அவனுடைய கைக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒரு நெம்பு இருந்திருந்தால் என்று நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். எட்டு டன் கரும்பு சுமக்கும் ட்ரெய்லருக்கு பிரேக் வைப்பதற்கு ஆகும் செலவு, ஓர் உயிரைவிடப் பெரிதில்லை.

சலைடா

சலைடாவில் ஆற்றங்கரை முகாமில் வண்டி நின்றதும் இறங்கி, அப்பா செய்வதுபோல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நடந்தேன். இடது முன், சூடு. இடது பின், சூடு. வலது முன், சூடு. வலது பின்சக்கரம் சில்லென்று இருந்தது.

"மாப்ள, இது வேலையே செய்யலீங்க."

நெம்பை அமுக்கச் சொல்லிக் காது வைத்தேன். ரீங்காரம் வருகிறது. ஆக ஒயரில் குற்றம் இல்லை, காந்தம் கவ்வுகிறது. உள்ளே ஷூ தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. பக்கத்து மனையில் இருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் முனை வளைந்த தட்டைக் கம்பி ஒன்றைத் தந்தார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம்முக்குப் பின்னால் ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்தத் துளைக்குள் கம்பியை விட்டுப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருகினோம். கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு சுற்றும்போது சர்ரென்று ஓர் உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்த வேண்டும். அந்த உரசலைக் கேட்டு நிறுத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நாலு சக்கரத்தையும் முடிக்க இருட்டிவிட்டது. இரவுச் சாப்பாடு ஊருக்குள் ஒரு கடையில். பச்சைமிளகாயும் பன்றிக்கறியும் கொதிக்க வைத்த குழம்பை ரொட்டிச் சுருளின் மேலே ஊற்றித் தந்தார்கள். நீண்ட நாளுக்குப் பிறகு காரம் என்ற ஒன்றை நாக்கு கண்டது. கையில் கிரீஸ் வாடை போகவில்லை.

விடிந்ததும் ஊருக்கு வெளியே சமமான சாலை. 25 மைல். 5.0. நண்பர் நெம்பை அமுக்கினார். பின்னால் கீச்சென்று ரப்பர் கத்தியது. மூன்று சக்கரத்துக்கு வைத்த எண் நாலு சக்கரத்துக்கு அதிகமாகிவிட்டது. 4.5க்கு இறக்கினோம். பிடித்தது, பூட்டவில்லை.

டேப்பில் 5.0ஐ அடித்து 4.5 என்று எழுதிய மாப்பிள்ளை, மேல் வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து டென்வருக்குப் பேசினார்.

"அம்மிணி, காருல அந்தப் பொட்டியில 6.5 இருக்குதல்ல, அதக் கொறச்சு வெச்சுரு. வந்து திரும்பப் பாத்துக்கலாம்."